பயணப் படங்களை அச்சிட வண்ணாரப்பேட்டையில் ஒரு லேப்

ஹனோய் நடைபாதையில் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சூப் குடிப்பவர்கள், காசி படித்துறையில் துணி துவைப்பவர்கள், இஸ்தான்புல் படகில் டீ விற்பவர். இப்படிப்பட்ட அன்றாடக் காட்சிகளைப் போனுக்குள்ளேயே புதைத்து வைக்காதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையின் இந்தச் சின்ன லேபுக்குத் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

பெரிய பலம், படம் எங்கே வெட்டுப்படும் என்பதை அடிப்பதற்கு முன்பே திரையில் காட்டுகிறார்கள். போன் படத்தின் நீள, அகல விகிதம் பெரும்பாலும் 4:3. 12x18 இஞ்ச் தாள் 3:2. கிடைமட்டப் படத்தை அப்படியே நிரப்பினால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். ஹனோயில் தோள்கம்பில் கூடை சுமக்கும் பெண்ணின் கூம்புத் தொப்பி நுனி முதலில் காணாமல் போவது இதனால்தான். 12x16 கேளுங்கள், எதுவும் வெட்டுப்படாது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பென்டிரைவில் கொடுங்கள். எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற வழக்கமான நிற அமைப்பில் சேமியுங்கள், அடோபி ஆர்ஜிபி என்ற வேறு நிற அமைப்பில் உள்ள ஃபைலை மாற்றாமல் அடித்தால் நிறம் வெளிறும். திரை தானாக ஒளிர்வதால் பிரிண்ட் எப்போதும் கொஞ்சம் இருட்டாகத்தான் தெரியும். முதலில் 4x6-இல் ஒன்று அடித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பளபளப்பில்லாத மேட் தாள்தான் நல்லது. காசிமேடு, ராயபுரம் பக்கத்து ஈரக்காற்றில் பளபளப்பான கிளாஸி தாள் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படமே உரியும்.

பிரேம் வேலை மட்டும் சுமார். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடும் அட்டையான மவுன்ட் போர்டு வைக்காமல் மாட்டிவிடுகிறார்கள், கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.