விலங்குப் பண்ணை: ஒன்பதாம் வகுப்பில் நடத்தத் தோதான புத்தகமா?

உருவகக் கதை, குறியீடு, அதிகாரம் மூன்றையும் ஒரே புத்தகத்தை வைத்து ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்த வேண்டுமென்றால் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யைத் தாராளமாக வாங்கலாம். 1945இல் வந்த நூல். மனித முதலாளியை விரட்டிவிட்டு விலங்குகளே பண்ணையை நடத்தத் தொடங்க, அதிகாரம் மெல்லப் பன்றிகள் கைக்குப் போவதுதான் கதை. பத்தே அத்தியாயம், நூறு பக்கத்தை ஒட்டி வரும். வாரம் மூன்று பீரியட் கிடைத்தால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

கெடுப்பது வழக்கமாக இதை நடத்தும் விதம்தான். முதல் நாளே பலகையில் கோடு போட்டு, தலைமைப் பன்றி நெப்போலியன் என்றால் சோவியத் தலைவர் ஸ்டாலின், அதன் போட்டிப் பன்றி ஸ்னோபால் என்றால் ஸ்டாலினின் எதிராளி ட்ராட்ஸ்கி என்று எழுதிவிடுகிறார்கள். அதோடு கதை ‘பொருத்துக’ வினாவாகிவிடும். ஏழாம் அத்தியாயம் வரை ரஷ்யப் பேச்சையே எடுக்காதீர்கள். பன்றிகளும் கோழிகளும் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு சாகும் இடம் அது. “இப்படி யாராவது ஒப்புக்கொள்வாங்களா?” என்று கேள்வி வரும். ஸ்டாலின் தன் எதிராளிகளைச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்துத் தண்டித்த 1936-38 மாஸ்கோ விசாரணைகளைச் சொல்ல அதுதான் நேரம்.

இந்தப் புத்தகத்தின் பெரிய பலம், பன்றிகள் சுவரில் எழுதி வைத்து, பிறகு சத்தமில்லாமல் திருத்தும் ஏழு கட்டளைகள். இரண்டாம் அத்தியாயம் முடிந்ததும் ஏழையும் சார்ட்டில் எழுதி வகுப்பில் ஒட்டுங்கள். 4, 5, 6 ஆகிய மூன்று வரிகளின் நடுவே மட்டும் இரண்டு சொல்லுக்கு இடம் விட வேண்டும். ஆறாம் அத்தியாயம் படிக்கும் முன், வகுப்பில் யாரும் இல்லாதபோது, கட்டிலில் உறங்கக் கூடாது என்பதை ‘விரிப்பு போட்ட கட்டிலில்’ என்று ஆக்கிவிடுங்கள். எட்டாம் அத்தியாயத்துக்கு முன் கொலை பற்றிய ஆறாவது கட்டளையில் ‘காரணமின்றி’. அந்த அத்தியாயம் முடிவதற்குள் மது பற்றிய ஐந்தாவதில் ‘அளவுக்கு மீறி’. வாய் திறந்து அறிவிக்காதீர்கள். ஒரே பேனா, ஒரே மை. மை மாறினால் மறுநாளே குட்டு வெளிப்பட்டுவிடும். கவனித்த பிள்ளை எழுந்து சொன்னதா, பக்கத்துப் பிள்ளையிடம் கிசுகிசுத்ததா, நமக்கெதற்கு என்று இருந்துவிட்டதா என்பதைக் குறித்து வையுங்கள்.

அடுத்த பாடம் அந்தக் குறிப்பிலிருந்தே கிளம்பும். பண்ணையில் யாருக்கு எவ்வளவு படிக்கத் தெரியும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஆர்வெல் கணக்காகவே சொல்கிறார். பன்றிகள் குப்பையில் கிடந்த அரிச்சுவடியை வைத்துத் தாமே கற்றுக்கொண்டவை. குதிரை பாக்ஸர் நாலாவது எழுத்தைத் தாண்டவில்லை. குளோவருக்கு எழுத்து தெரியும், கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆடு மியூரியலைக் கூப்பிட்டுத்தான் சுவரைப் படிக்கச் சொல்ல வேண்டும். கழுதை பெஞ்சமினுக்குப் பன்றிகளுக்கு இணையாகப் படிக்க வரும், ஆனால் படிக்காது. ‘அதிகாரம் கெடுக்கும்’ என்று ஒற்றை வரியில் விடை எழுதும் பிள்ளையிடம் பெஞ்சமினைப் பற்றிக் கேளுங்கள். அது எதையும் அபகரிக்கவில்லை. அதன் பங்கு என்ன?

சுழற்சியை நடத்தும்போது பெரும்பாலானவர்கள் ஒரு வட்டம் வரைந்து, புரட்சிக்கு முன்பிருந்த ‘மேனர் பண்ணை’ என்ற பெயரில் தொடங்கி அதே பெயரில் முடிகிறது என்று நிறுத்திக்கொள்கிறார்கள். போதாது. பொருள்களைப் பின்தொடரச் சொல்லுங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் தீயில் போட்ட சாட்டை பத்தாம் அத்தியாயத்தில் பன்றிகளின் காலில் இருக்கிறது. அதே தீயில் எரிந்த ரிப்பன் ஒன்பதாவதில் பன்றிகளின் வாலுக்குத் திரும்புகிறது. கொடியிலிருந்த குளம்பும் கொம்பும் மட்டும் காணாமல் போகின்றன. குழுவுக்கு ஒரு பொருள், பக்க எண்ணோடு. பண்ணை முன்பைவிடப் பணக்காரப் பண்ணையாகிவிட்டது, விலங்குகள் அப்படியே இருக்கின்றன என்ற வரியையும் காட்டினால், பழைய இடத்துக்கே வந்துவிடவில்லை என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

நெப்போலியன் நம்ம ஊரில் யார் என்று பெயர்கள் பறக்கும். தடுக்க வேண்டாம். எந்தப் பக்கம், எந்த வரி என்று கேட்டால் பாதிப் பெயர் அங்கேயே உதிர்ந்துவிடும்.

புத்தகத்தின் நிஜமான ஆபத்து வேறு. எந்தப் புரட்சியும் இப்படித்தான் முடியும் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் தமக்கென்று எடுத்துக்கொண்ட இடமே திருப்புமுனை என்று ஆர்வெல் பின்னர் ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். அந்த ஒரு பக்கத்துக்கு முழு பீரியட் கொடுங்கள். 1954இல் வந்த கார்ட்டூன் படத்தின் கடைசிப் பகுதியையும், புத்தகம் முடிந்த பிறகு மட்டும், போட்டுக் காட்டலாம். அதில் விலங்குகள் பன்றிகளுக்கு எதிராகவும் எழுகின்றன. அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்தது அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.யின் பணம். முடிவை மாற்றியதில் யாருக்கு லாபம் என்று விவாதம் சூடுபிடிக்கும்.

ஆர்வெல் இறந்தது 1950இல். இந்தியாவில் காப்புரிமைக் காலம் தீர்ந்துவிட்டதால் ஆளாளுக்கு அச்சடித்து மலிவாக விற்கிறார்கள். எழுத்துப்பிழைகளைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆர்வெல்லின் முன்னுரைகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்த பதிப்பு கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். தமிழில் க.நா.சு. மொழிபெயர்ப்பு இருக்கிறது.

எட்டாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம். ஏழாம் அத்தியாயத்தில் நாய்கள் குரல்வளையைக் கடித்துக் குதறும் பகுதி சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு நடத்தினால் ஆறாம் கட்டளை திருத்தப்பட்டதற்கு அர்த்தமே இருக்காது.