சுல்தான் அனுப்பிய 51 ஆல்பங்கள்: இணையத்தில் பார்ப்பவர்களுக்கு

இரண்டாம் அப்துல் ஹமீது, இன்றைய துருக்கியை மையமாகக் கொண்ட உதுமானியப் பேரரசை 1876 முதல் 1909 வரை ஆண்ட சுல்தான். தன் நாட்டைக் காட்டும் படங்களை ஆல்பங்களாகக் கட்டி அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் அனுப்பிவைத்தார். அமெரிக்கப் பங்கை அந்நாட்டு நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையத்தில் வைத்திருக்கிறது. 51 பெரிய ஆல்பங்கள், 1,819 படங்கள். இலவசம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். டிவி தொடர்களில் வாளும் குதிரையுமாகவே உதுமானியரைப் பார்த்தவர்கள் இங்கே தீயணைப்புப் படை, ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, சுரங்கம், பள்ளிப் பிள்ளைகள் என்று பார்க்கலாம்.

நூலகத் தளத்தின் படப் பிரிவில் 'அப்துல் ஹமீது II கலெக்‌ஷன்' என்பதை ஆங்கிலத்தில் தேடினால் மொத்தமும் வரும். அதற்குப் பிறகுதான் சிக்கல். பட விளக்கங்கள் அன்று உதுமானியத் துருக்கியிலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டவை. ஊர்ப்பெயரின் எழுத்து அதற்கேற்ப மாறும். இஸ்தான்புல்லின் ஒரு பகுதியான இன்றைய உஸ்குதார் பிரெஞ்சில் ஸ்குதாரி. ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று விட்டுவிடாமல் மற்றதையும் போட்டுப் பாருங்கள். ஒரு படம் கிடைத்ததும் அதன் பதிவில் உள்ள 'லாட்' எண்ணை, அதாவது தொகுதி எண்ணை, தேடினால் அதோடு சேர்ந்த மற்ற படங்களும் வரும். தனிப் படமாகப் பார்ப்பதைவிட இப்படி வரிசையாகப் பார்ப்பதே பலன் தரும். பார்ப்பவரை எதிலிருந்து எதற்கு நடத்திச் செல்ல நினைத்தார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.

பெரிய குறை, படத்தின் தரம். மூலப் படங்கள் முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் அச்சிட்டவை. பழுப்பும் ஊதாவும் கலந்த சாயல் கொண்டவை. இணையத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அவற்றைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நகலெடுத்து, அந்த நகலை ஸ்கேன் செய்தவை. சாயல் போய்விட்டது, நிழல் பகுதிகள் அடைத்துக்கொண்டன. திரைக்குப் போதும், சுவரில் மாட்டப் பெரிதாக்கினால் முகங்கள் கரையும். பதிவில் 'பி அண்ட் டபிள்யூ ஃபிலிம் காப்பி நெகடிவ்' என்றிருந்தால் இதுதான் கதை.

அடுத்தது தேதி. பெரும்பாலான பதிவுகளில் '1880-க்கும் 1893-க்கும் இடையே' என்றுதான் இருக்கும். அது தொகுப்பு முழுவதற்குமான வரம்பு, அந்தப் படம் எடுத்த ஆண்டல்ல. அதில் ஒரு முனையை எடுத்து '1880-இல் இஸ்தான்புல்' என்று தலைப்பிடுவது தப்பு.

நிறம் பூசிப் பகிரப்படும் பிரதிகளை அறவே நம்ப வேண்டாம். அன்றைய கண்ணாடித் தகடுகள் நீலத்தை வெளிறவும் சிவப்பைக் கறுக்கவும் காட்டும். சிவப்புக் குல்லாய் கறுப்பாகத் தெரிவது அதனால்தான். சாம்பல் சாயலை வைத்துச் சீருடையின் நிறத்தை ஊகிக்கும் மென்பொருள் இங்கே குருட்டாம்போக்கில்தான் பூசுகிறது.

எதைக் காட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அப்துல்லா சகோதரர்கள், செபா-ஜோவாய்யே போன்ற பேர்பெற்ற ஸ்டூடியோக்கள் எடுத்தவை இவற்றில் பல. எல்லாமே அரண்மனை காட்ட விரும்பியதையே காட்டுகின்றன. மாணவர்கள் மடிப்புக் கலையாத உடையில் நிற்பார்கள். ஏழைத் தெருவும் பஞ்சமும் கண்ணில் படாது. இதை அன்றாட வாழ்க்கையின் ஆவணமாக வகுப்பில் காட்டினால் ஏமாற்றம்தான். ஒரு அரசு தன்னை விளம்பரப்படுத்திக்கொண்ட ஆவணமாகக் காட்டுங்கள், இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. சுல்தான் தனக்கென்று சேர்த்த 36,000-க்கும் மேற்பட்ட படங்கள் இஸ்தான்புல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அதோடு ஒப்பிட்டால் இது ஒரு மாதிரிப் பெட்டிதான்.

வெளியீட்டுக்கு அறியப்பட்ட தடை இல்லை என்று நூலகமே குறித்திருக்கிறது. பதிவிறக்கும்போது ஜேபெக்கை விட்டுவிட்டுப் பெரிய டிஃப் கோப்பை எடுங்கள், எல்.சி. என்று தொடங்கும் பிரதி எண்ணையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் அச்சுக்கு நல்ல பிரதி தேவைப்பட்டால் நூலகத்தின் நகலெடுப்புப் பிரிவில் அந்த எண்ணைச் சொல்லித்தான் கட்டணப் பிரதி கேட்க வேண்டியிருக்கும்.