26,500 ரூபாய் போய்விட்டது: பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு மாட்டுத்தாவணியில் 26,500 ரூபாய் கொடுத்து ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். இன்று வியாழக்கிழமை. அது என் தையல் மேசையின் ஓரத்தில் மூடிக் கிடக்கிறது. திறந்தால் முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் பெயர் வந்து, அந்தக் கம்பெனியின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. அதைத் தாண்டி ஒரு அடி நகராது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் வெட்கம் வந்து கையைக் கட்டிவிடும்.

திருமங்கலத்தில் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்குக் கூலி 250 ரூபாய். 26,500 ரூபாய் என்றால் 106 பிளவுஸ். நூல், ஊக்கு, கரண்ட் செலவைக் கழிக்காமலேயே 106. ஆவணி முகூர்த்தங்களுக்கு இரவு ஒரு மணிவரை மெஷினில் உட்கார்ந்து சேர்த்த பணம் அது. மகள் மதுரையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு படிக்கிறாள். கல்லூரி லேபில் பாதி வேலையை முடித்துவிட்டு, மீதியைத் தோழியின் லேப்டாப்பில் கெஞ்சிச் செய்துகொண்டிருந்தாள். புதிது வாங்க நம்மால் ஆகாது, பழையதே போதும் அம்மா என்று அவள்தான் சொன்னாள்.

பழைய பொருளை யார் வேண்டுமானாலும் படம் எடுத்துப் போட்டு விற்கலாம் என்கிற செயலி ஒன்றில் தேடினோம். பத்துப் பதினைந்து விளம்பரம் பார்த்த பிறகு அந்தப் படம் வந்தது. லேப்டாப்பை ஒரு மேசைவிரிப்பின் மேல் வைத்து எடுத்திருந்தான். வெள்ளைத் துணியில் நீலப் பூ, ஓரம் முழுக்கக் கையால் போட்ட சங்கிலித் தையல். கடையில் வாங்கியது அல்ல, வீட்டில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து போட்டது. இப்படி ஒரு விரிப்பு இருக்கிற வீட்டில் பொருளை ஒழுங்காக வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். லேப்டாப்பைப் பார்க்கவேண்டிய கண்ணால் துணியைப் பார்த்திருக்கிறேன்.

போனில் பேசியவன் முதல் வார்த்தையிலேயே அக்கா என்றான். பெங்களூருக்கு மாற்றலாகிப் போவதாகவும், அங்கே கம்பெனியிலேயே புது லேப்டாப் கொடுத்துவிடுவதால் இதை விற்பதாகவும் சொன்னான். விலை 27,000. இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள், 2,000 ரூபாய் முன்பணம் அனுப்பினால் உங்களுக்கென்று எடுத்து வைக்கிறேன் என்றான். அனுப்பினேன். வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வீட்டைக் காலி செய்துவிட்டோம், ஞாயிறு இரவு ஆம்னி பஸ் ஏறுகிறேன், மாட்டுத்தாவணிக்கு வந்துவிடுங்கள் என்றான்.

மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையின் வெளிச்சத்தில் நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை. பெஞ்சில் உட்கார வைத்து, லேப்டாப்பைத் திறந்து மகளின் மடியில் கொடுத்தான். அவள் எழுத்துகளைத் தட்டிப் பார்த்தாள், பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள், எல்லாம் ஓடியது. இன்டர்நெட் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். என் போனில் டேட்டா தீர்ந்துவிட்டதும்மா, வைஃபை எல்லாம் நன்றாக வேலை செய்யும், கவலைப்படாதே என்றான். என் கையில் என் போன் இருந்தது. அதில் டேட்டாவும் இருந்தது. இந்த ஒரு இடத்தை நான்கு நாளாக நினைத்து நினைத்து வயிறு எரிகிறது.

பிறகு என்ன படிக்கிறாய் என்று மகளிடம் கேட்டான். முதலில் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொள், சந்தேகம் வந்தால் அண்ணனுக்குப் போன் செய் என்றான். என்னிடம் திரும்பி, “என் அம்மாவும் தையல்தான் அக்கா. அந்த மெஷின் சத்தத்தில்தான் நான் படித்தேன். உங்களிடம் போய் லாபம் பார்ப்பேனா? ஐநூறு குறைத்துக்கொள்ளுங்கள்” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு எதையும் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவனை அவமதித்ததாகிவிடும் என்று தோன்றியது.

மீதி 24,500 ரூபாயை அவன் காட்டிய கியூ.ஆர். கோடுக்கு அனுப்பினேன். திரையில் வேறொரு பெயர் வந்தது. மைத்துனர் கணக்கு அக்கா, என்னுடையதில் இன்றைய வரம்பு முடிந்துவிட்டது என்றான். பில் கேட்டேன். மூட்டைக்குள் இருக்கிறது, போனதும் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றான். மொத்தம் 26,500 ரூபாய். என் விரலால் நானே அழுத்தி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து துடைக்கும்போது அடிப்பக்கம் தீப்பெட்டி அளவுக்குச் சதுரமாக ஒரு பிசுக்கு இருந்தது. ஏதோ ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த பசை. தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. தேங்காயெண்ணெய் தொட்டு நானே தேய்த்துச் சுத்தம் செய்தேன். கம்பெனிகள் தங்கள் சொத்து எண்ணை ஒட்டும் இடம் அது என்று இன்று தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை, அடுத்தவர் வைத்திருந்தது என்பதால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கலாம் என்று மகள் ரீசெட் செய்தாள். வைஃபை இணைத்ததும் அந்தக் கம்பெனியின் பெயர் திரையில் வந்து நின்றது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். அந்தத் தம்பி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். கம்பெனிகள் மொத்தமாக வாங்கும் லேப்டாப்களின் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட்டிடம் பதிந்து வைத்துவிடுவார்களாம். ஆட்டோபைலட் என்று பெயர். இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸ் ஏற்றினால் பூட்டு தூங்கிக்கொண்டிருக்கும். ரீசெட் செய்து இன்டர்நெட்டில் இணைத்த நொடியில் விழித்துக்கொள்ளும். பதிந்த கம்பெனியே விடுவித்தால்தான் தீரும். அதற்கு மேல், விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற பயாஸ் என்கிற அடிப்படை மென்பொருளிலும் ஒரு பூட்டு இருந்தது. “ஏதாவது செய்து ஓட்டிக்கொடுக்கலாம் அக்கா, ஆனால் இது திருட்டுப் பொருளாக இருந்தால் உங்களுக்கும் வம்பு, எனக்கும் வம்பு” என்று சொல்லி, காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். அவர் நன்றாக இருக்கட்டும்.

அவனுக்குப் போன் செய்தேன். முதல் தடவை, பஸ்ஸில் இருக்கிறேன், சிக்னல் இல்லை என்றான். மறுபடி அழைத்தபோது, கொடுக்கும்போது ஓடியது, உங்கள் பெண் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டாள் என்றான். இரண்டு நாள் முன்பு அவளுக்கு அண்ணனாக இருந்தவன்! மூன்றாவது தடவை எடுக்கவில்லை. இப்போது என் எண்ணையே தடுத்துவிட்டான். மகள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை, தன்னால்தான் கெட்டது என்று நம்பி.

செயலிக்குப் புகார் எழுதினேன். உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பதில். மறுநாள், வாங்குபவரும் விற்பவரும் நேரில் செய்த பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று இன்னொரு பதில், அதோடு புகார் முடிந்ததாகக் குறித்துவிட்டார்கள். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு அதன் பின்னால் ஒரு செய்தி வேறு. வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பியதை நாங்கள் எப்படித் திருப்புவது என்றார்கள். காவல் நிலையத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ரசீது இருக்கிறதா, அவன் முகவரி இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. பொருளை வெளியே கொடுத்துவிடாதீர்கள், கம்பெனி கேட்டால் ஒப்படைக்க வேண்டிவரும் என்று மட்டும் சொன்னார்கள். ஆக 26,500 ரூபாயும் போய், பொருளும் என்னுடையது இல்லை. இணையவழிப் பண மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்கு அழைத்து விவரம் கொடுத்திருக்கிறேன். அந்தக் கம்பெனிக்கும் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு நான்கு பிளவுஸ் பாக்கி இருக்கிறது, மனமும் ஓடவில்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். பார்க்காத பொருளுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். பஸ் நிலையத்தில் வாங்காதீர்கள், ஒரு சர்வீஸ் கடைக்கு வரச் சொல்லுங்கள். உண்மையான ஆள் வருவான். உங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து, அவன் எதிரிலேயே ரீசெட் செய்து, திரை முழுதாகத் திறக்கும்வரை பணத்தை எடுக்காதீர்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் லேப்டாப்பின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கணக்கில் வேறு பெயர் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய போன் வாங்குகிறவர்கள் *#06# போட்டு வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை சஞ்சார் சாத்தி என்கிற அரசு இணையதளத்தில் சரிபாருங்கள். ஏமாந்துவிட்டால் என்னைப் போல இரண்டு நாள் காத்திருக்காமல் அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் போன கணக்கை முடக்க வழி உண்டு.

இன்று காலை அதே செயலியில் அதே படம் மறுபடியும் ஏறியிருக்கிறது. விலை 24,000, ஊர் திண்டுக்கல் என்று போட்டிருக்கிறான். பெயரும் எண்ணும் வேறு. வெள்ளைத் துணியில் நீலப் பூ, ஓரத்தில் சங்கிலித் தையல், இடது மூலையில் மட்டும் தையல் இரண்டு விரற்கடை பிரிந்திருக்கும். அந்த விரிப்பைப் பார்த்தால் அழைக்காதீர்கள்.