கோபம் 15 வினாடியில் ஆறினால்: உணர்வு எஞ்சினை நாள்பட ஓட்டிப் பார்த்ததில்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கோபக்கார விருந்தாளியோடு கதைத்துப் பழகுவதற்கான மென்பொருள் இது. விருந்தாளியின் பேச்சை எழுதுவது மொழி மாதிரி (ChatGPT போன்றவற்றுக்குள் இருக்கும், வசனம் எழுதும் AI). அவரது உணர்வை எண்ணாகக் கணக்குப் பார்ப்பது தனி எஞ்சின். இரண்டையும் மொழி மாதிரியிடமே விட்டால், ஒரு 'மன்னிக்கவும்' கேட்டதுமே விருந்தாளி உருகிப் போய்விடுவார்.

எஞ்சினுக்கு அடிப்படை 1988இல் ஓர்ட்டனி, க்ளோர், காலின்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வகுத்த 22 உணர்வுகள். அத்தனையும் வேண்டாம், நம்பிக்கை, ஏமாற்றம், கண்டனம், கோபம், நன்றி இருந்தால் விடுதிக்குப் போதும். நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் போகும் படகு காற்றால் ரத்தானால் அது ஏமாற்றம் மட்டும். முதல்நாள் இரவே தெரிந்தும் வரவேற்பு மேசையில் சொல்லாமல் விட்டிருந்தால் கண்டனமும் சேர்ந்து கோபமாகிறது. நிகழ்வைப் பதியும்போது 'யாரால்' என்ற கட்டத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். இல்லாவிட்டால் கடல் கொந்தளித்ததற்கும் உங்களுக்குத்தான் ஏச்சு விழும். (அப்படி ஏசுகிற ஆட்களும் வருவார்கள்தான், அதைத் தனிப் பாத்திரமாக வையுங்கள்.)

அதிகம் சொதப்புவது தணியும் வேகம். அரை ஆயுளை (கோபம் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) கடிகாரப்படி 15 வினாடி என்று வைத்தால், போனில் தமிழ் தட்டச்சுச் செய்து முடிக்கும் 2 நிமிடத்துக்குள் கோபம் 8 என்பது 0.03 ஆகிவிடும். பதில் போய்ச் சேரும்போது விருந்தாளி சிரித்துக்கொண்டிருப்பார். நேரத்தை விட்டுப் பேச்சுமுறையை (மாறி மாறிப் பேசும் தடவையை) எண்ணுங்கள்: 3 பேச்சுமுறைக்கு ஒருதரம் கோபம் பாதியாகட்டும். மனநிலை, அதாவது கோபம் ஆறிய பிறகும் மெல்ல நீடிக்கும் பொதுவான மூட், பாதியாக 20 பேச்சுமுறை. அதனால்தான் காலையில் படகு ரத்தான ஆள் மத்தியானச் சாப்பாட்டிலும் குறை பிடிப்பார்.

'கோபம் 8' என்று எண்ணை அப்படியே மொழி மாதிரிக்குக் கொடுத்தால் ஆச்சரியக்குறிதான் மிஞ்சும். நடத்தையாகச் சொல்லுங்கள்: 6க்கு மேல் போனால் வசனம் குறுகும், முகாமையாளரைக் கேட்பார், ஆனால் 'நீங்கள்' மாறாது. 6இல் இந்த நடத்தைக்கு ஏறினால், கோபம் 5க்கு வந்தால்தான் அதிலிருந்து இறங்க வேண்டும். ஒரே எல்லை வைத்தால் வரிக்கு வரி குணம் மாறும்.

மன்னிப்புக்கும் அளவு உண்டு. முதல் தடவை கோபம் 1.5 குறையும், அடுத்தது அதில் பாதி, மூன்றாவது எரிச்சலைக் கூட்டும். நாளைக் காலைப் படகில் இடம் போட்டுத் தருவது 3 குறைக்கும். இந்த எண்களை அட்டவணையில் வையுங்கள். மொழி மாதிரி நிகழ்வின் வகையை மட்டும் தெரிவு செய்யட்டும். ஒவ்வொரு பேச்சுமுறையிலும் உணர்வு எண்களைச் சேமிக்காவிட்டால், கரண்ட் போய் வந்ததும் பழைய கோபமெல்லாம் மறந்து விருந்தாளி 'வணக்கம்' சொல்லுவார்.