எலியா, சிப்பா, செல் உருண்டையா?

தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல் ஆக்கலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்காவின் குழு 2007-இல் மனித செல்லிலேயே செய்து காட்டியது. சரி, தட்டில் வளர்வது உண்மையிலேயே எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல்தானா? மூன்று சோதனைகள் போட்டி போடுகின்றன.

மூத்தது டெரடோமா, அதாவது பல வகைத் திசு கலந்த கட்டியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. நோயெதிர்ப்புத் திறன் இல்லாத சுண்டெலிக்குள் செல்களை ஊசியால் செலுத்திவிட்டு, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். பிறகு வளர்ந்த கட்டியை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒரு மூலையில் குருத்தெலும்பு, பக்கத்தில் குடல் உட்சுவர் போல ஒன்று, இன்னொரு பக்கம் நரம்புத் திசு என்று மூன்று கருப்படைகளும் (உடலின் எல்லாத் திசுக்களும் உருவாகும் கருவின் மூன்று அடுக்குகள்) தெரிந்தால் செல் தேறியது. பார்க்கவே கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், எத்தனை செல் போடுவது, தொடைத் தசையிலா சிறுநீரக உறைக்கு அடியிலா என்பதெல்லாம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. தீர்ப்பும் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. எலியும் சாகிறது.

2011-இல் வந்த ப்ளூரிடெஸ்ட்டுக்கு எலியே வேண்டாம். செல்லின் ஆர்.என்.ஏ.வை ஜீன்களின் வேலையை அளக்கும் சிப்பில் ஏற்றி, எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஏற்கெனவே தெரிந்த செல்களோடு கணினி ஒப்பிட்டு இரண்டு மதிப்பெண் தரும். வேகமானதுதான். ஆனால் அது சொல்வது செல் இன்று இருக்கும் நிலையை மட்டுமே. நாளை நரம்பாகுமா என்று அது பார்ப்பதில்லை.

அதற்குத்தான் உருண்டை முறை. தட்டில் ஒட்டவிடாமல் மிதக்கவிட்டால் செல்கள் தாமே திரண்டு உருண்டையாகி வெவ்வேறு திசுச் செல்களாக மாறத் தொடங்கும். சில நாள் கழித்து மூன்று படைகளின் ஜீன்களையும் அளந்தால், எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் எண்ணாகவே கிடைத்துவிடும். அன்றாட வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சர்வதேச ஸ்டெம் செல் முன்னெடுப்பு 2018-இல் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. புற்றாகும் ஆபத்தை எடைபோட டெரடோமாவுக்கு இன்னும் இடம் உண்டு என்பது அதன் முடிவுகளில் ஒன்று. நோயாளிக்குள் போகப்போகிற செல் என்றால் எலியை அவசரப்பட்டு ஒதுக்கமாட்டேன்.

அப்புறம், இந்த மூன்றில் எதில் தேறினாலும் குரோமோசோமைத் தனியாகப் பார்த்தே ஆகவேண்டும். 20-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு சிறு துண்டு இரட்டித்தால் செல் சாகாமல் தாக்குப்பிடித்து மற்றவற்றை முந்திவிடும். குரோமோசோம்களை நுண்ணோக்கியில் வரிசைப்படுத்திப் பார்க்கும் வழக்கமான கேரியோடைப்பில் அந்தத் துண்டு பெரும்பாலும் கண்ணில் படாது.