பனையும் பழைய ஆணியும்: வன்னியில் மின்வாள் பாவனை

1,100 வாட் றெசிப்ரோகேட்டிங் மின்வாள் (பிளேட் முன்பின் ஓடி வெட்டும் வாள்) ஒழுங்காகப் பார்த்தால் வருசக்கணக்கில் உழைக்கும். செலவில் கையைக் கடிப்பது பிளேட்தான், அதிலும் பனைக்கு. வெளியிலுள்ள கடினமான வைரம் பல்லை மழுக்கும். உள்ளே சோறு என்னும் மென்பகுதியிலுள்ள நார் பல்லிடையே அடைக்கும். பழைய கூரை பிரிக்கும்போது சிலாகைக்குள் ஆணி வேறு. மரம் வெட்டும் மலிவான பிளேட் முதல் ஆணியோடு பல்லிழந்துவிடும். அங்குலத்துக்கு 10 பல், 1.3 மி.மீ. தடிப்பு, பைமெட்டல் (இரு உலோகம் சேர்த்தது): இதுதான் நின்றுபிடிக்கும். பச்சைக் கொப்புக்கு 5, 6 பல் போதும். ஜீ.ஐ. குழாய்க்கு 18 முதல் 24. இரும்பின் தடிப்புக்குள் மூன்று பல்லாவது படாவிட்டால் பல் கொழுவி உடையும்.

அநேகர் பிழைவிடுவது நீளத்தில். பிளேட் ஒவ்வொரு இழுவைக்கும் 30 மி.மீ. அளவு முன்பின் போகும். பின்னுக்கு வந்த நேரத்திலும் நுனி மரத்துக்கு வெளியே நிற்கவேண்டும். 100 மி.மீ. தீராந்திக்கு 150 பிளேட் போட்டால் நுனி உள்ளேயே குத்தும், மெஷின் துள்ளும், பிளேட் வளையும். 225 போடுங்கள். முன் தகட்டை மரத்தோடு அழுத்திவைத்த பிறகே சுவிச். தகடு விலகினால் வெட்டுவது பாதி, அதிர்வது பாதி. கொப்பைக் கீழிருந்து காற்பங்கு வெட்டிவிட்டு மேலே வாருங்கள். இல்லையேல் கொப்பு முறிந்து பட்டையை உரித்துக்கொண்டு விழும்.

2009க்கு முன்பிருந்தே நிற்கும் மரங்களில் சன்னமோ செல் சிதறலோ இருக்கலாம். வீங்கிய கறுத்த தழும்பு கண்டால் ஒரு அடி தள்ளி வெட்டுங்கள், கிண்டிப் பார்க்க வேண்டாம். வெடிக்காத பொருள் போலத் தெரிந்தால் தொடாமல் விலகிப் பொலிசுக்குச் சொல்லுங்கள். கண்ணாடி எப்போதும் போடவேண்டும், மரம் என்றாலும்.

தோட்டத்தில் ஜெனரேற்றர் என்றால் 2 கே.வி.ஏ. வேண்டும்; 1 கே.வி.ஏ. தாங்காது. நீட்டு வயர் 1.5 சதுர மி.மீ., சுருளை முழுக்க விரித்து.

பராமரிப்புக்கு முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் செம்புழுதி பிளேட் பிடிக்கும் வளையத்துக்குள் போய் இறுக்கும். காய்ந்த பிரஷால் தட்டுங்கள். எண்ணெய் விடுவது நல்லது என்று கடையிலும் சொல்வார்கள். விட்டால் புழுதி களியாகி வளையம் திரும்பவே மாட்டாது. பாலைமரப் பால் ஒட்டிய பிளேட்டைக் கழற்றி மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம். பிளேட் முறிந்து அடித்துண்டு உள்ளே நின்றால் குறட்டால் குடையாதீர்கள். வளையத்தைத் திறந்து, வாயைக் கீழே சரித்துக் குலுக்குங்கள். வராவிட்டால் மெல்லிய இன்னொரு பிளேட்டின் பல்லால் கொழுவி இழுங்கள்.

மோட்டருக்கு மின்சாரம் கடத்தும் காபன் பிரஷ் 5, 6 மி.மீ.க்குத் தேய்ந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பொறி பறக்கும். மாற்றியபின் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். அப்போதும் காற்றுத்துளை வழியே பொறி வட்டமாகச் சுழன்றால் மோட்டரில் சுழலும் ஆமேச்சரில்தான் பழுது. திருத்தக் கொடுக்கமுன் புது மெஷினின் விலையையும் கேட்டுவையுங்கள்.