சக்கர நாற்காலியோடு தீம் பார்க் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் படியுங்கள்

என் தம்பிக்கு 24 வயது. மூன்று வருடத்துக்கு முன் கடலூர் – புதுச்சேரி சாலையில் நடந்த பைக் விபத்தில் தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கைகளில் நல்ல பலம் உண்டு. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு அவனே மாறிக்கொள்வான். சின்ன வயதில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டால் ராட்டினத்தை விட்டு இறங்கவே மாட்டான். ஒரு தீம் பார்க்கில் புது ரோலர் கோஸ்டர் வந்திருக்கிறது என்று வீடியோவில் பார்த்ததிலிருந்து, "ஒரே ஒரு தடவை அக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் விசாரிக்காமல் கிளம்பவில்லை. போன் செய்து, தம்பியால் நடக்க முடியாது, ரைடில் ஏற்றுவீர்களா என்று கேட்டேன். "வீல்சேர் வசதியெல்லாம் இருக்கு மேடம், தாராளமா வாங்க" என்றார்கள். இணையதளத்திலும் வீல்சேர் படம் போட்டிருந்தார்கள். நான்கு பேருக்கு 5,600 ரூபாய் கட்டினேன். வேன் வாடகை தனி.

அங்கே போனால், ரோலர் கோஸ்டர் மேடைக்கு இரும்புப் படிகள். லிஃப்ட் இருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்த பிறகு, ஆட்கள் இறங்கி வரும் வழியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். மேலே நின்ற இரண்டு பையன்கள் அவனைக் கேட்காமலேயே அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பெட்டியின் விளிம்பில் உரசியபடி சீட்டில் இறக்கினார்கள். "இருங்க, நானே மாறிக்கிறேன்" என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பெல்ட் மாட்டி, தோள் கம்பியை இறக்கிய பிறகு சூப்பர்வைசர் வந்தார். "நடக்க முடியாதவங்களை ஏத்தக் கூடாது, இறக்குங்க" என்றார். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, மறுபடியும் அதே மாதிரி தூக்கி இறக்கினார்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வரும் வரை பேசவில்லை.

ஏற்ற மறுத்தது எனக்குப் புகார் இல்லை. ரோலர் கோஸ்டர் ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால், பக்கத்தில் உள்ள ஒடுக்கமான படிக்கட்டில் இறங்கி வர வேண்டும். தம்பியால் அது முடியாது. மடியை அழுத்தும் கம்பி, தோள் கம்பி இரண்டுமே உட்காருகிறவரின் உடம்பை நம்பித்தான் வேலை செய்கின்றன. 2011 ஜூலையில் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், போரில் இரண்டு கால்களையும் இழந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் ரோலர் கோஸ்டரிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். இரண்டு காலும் இருக்க வேண்டும் என்று அந்த ரைடுக்கு விதி இருந்தது. அதையும் மீறி ஊழியர்கள் அவரை ஏற்றியிருக்கிறார்கள். அதனால் விதி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

எங்களை ஏமாற்றியது வேறு. கீழே உள்ள பலகையில் உயரம், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் என்று மட்டும் இருந்தது. விதி எங்கே என்று நான் விடாமல் கேட்டதும், ஆபரேட்டர் அறையிலிருந்து லேமினேட் செய்த ஒரு தாளைக் காட்டினார்கள். "பிறர் உதவியின்றி ஏறி இறங்கக்கூடியவர் மட்டும்" என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. அது போன் எடுத்தவருக்கும் டிக்கெட் விற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் வீல்சேர் தருவதைத்தான் அவர்கள் 'வசதி' என்கிறார்கள். பணத்தைக் கேட்டேன். ரீஃபண்ட் கிடையாது, 500 ரூபாய்க்குச் சாப்பாட்டுக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். வாங்கவில்லை. மாற்றுத்திறனாளி கழிப்பறையில் துடைப்பமும் வாளியும் அடுக்கி வைத்திருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று இரவு அம்மா உடை மாற்றும்போதுதான் தொடையின் பின்பக்கம் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்தார். அவனுக்கு வலி தெரியாது. தண்டுவடம் பாதித்தவர்களுக்கு இப்படி ஒரு சிராய்ப்பே ஆழமான புண்ணாகிவிடும். மருத்துவர் அந்தப் பக்கம் அழுத்தம் படக் கூடாது என்று சொல்லிவிட்டதால் பல நாள் குப்புறப் படுத்தே கிடந்தான்.

ஆகவே, போகிறவர்கள் "வீல்சேர் வசதி உண்டா" என்று கேட்காதீர்கள். ரைடின் பெயரைச் சொல்லி, "தானாக ஏறி இறங்க முடியாதவரை இதில் ஏற்றுவீர்களா" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாக வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். தூக்க வருகிறவர்களிடம் எங்கே பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். கேட்காவிட்டால் சத்தம் போடத் தயங்காதீர்கள். திரும்பியதும் உணர்வில்லாத இடங்களைக் கண்ணால் பாருங்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், பூங்கா இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் கட்டுப்படுத்தும் என்பதால் மாநில ஆணையருக்கும் தனியாக எழுதினேன். அந்த லேமினேட் தாளின் போட்டோவும், போன் செய்த நாளும் நேரமும், புண்ணின் படங்களும், மருத்துவர் சீட்டும் இணைத்திருக்கிறேன். விசாரணை முடியாததால் பூங்காவின் பெயரை இப்போது எழுதவில்லை.